துபாய் இந்தியப் பள்ளியில் ஆசிரியர் வேலை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஷார்ஜாவிலும் துபாயிலும் சிபிஎஸ்இ பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். "அக்கா, எனக்கும் அங்க ஒரு வேலை பாருங்க" என்று ஊரிலிருந்து போன் வராத வருடம் இல்லை. வேலை வாங்கித் தரும் செல்வாக்கு எனக்குக் கிடையாது. ஆனால் கூட இருந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. வேலை கிடைக்காமல் போனவர்களில் பாதிப் பேர் நல்ல டீச்சர்கள், என்னைவிட நன்றாகப் பாடம் எடுப்பவர்கள். அவர்கள் கோட்டை விட்டது வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள், கடைசியில் எடுக்க வேண்டியதை அவசரப்பட்டு முதலிலேயே எடுத்துக் காலாவதியாக விட்டார்கள்.

அதனால் இதை வரிசைப்படியே படியுங்கள். நான் சொல்வது துபாய் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு. அங்கே தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஎச்டிஏ என்ற துபாய் அரசு அமைப்பு. அபுதாபிக்கு அடெக், ஷார்ஜாவுக்கு வேறு அமைப்பு. விதிகளில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அடிப்படை ஒன்றுதான்.

1. காலண்டர்

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கன் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரல் வகுப்புக்கு ஆள் எடுக்கும் வேலை நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரிக்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் எப்போது போன் செய்வார்கள் தெரியுமா? ஆண்டுத் தேர்வு பேப்பர் எல்லாம் திருத்தி முடித்து, மே மாதம் காற்றாட உட்கார்ந்திருக்கும்போது. அதற்குள் பஸ் போயிருக்கும்.

இரண்டாவதாக ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடை விடுமுறை. ஊருக்குப் போன சிலர் திரும்பி வர மாட்டார்கள், அந்த இடங்களுக்கு அவசரமாக ஆள் தேடுவார்கள். அந்த அவசரத்தில், காகிதம் எல்லாம் தயாராகக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் இடம். ஆக எந்த வாய்ப்பைக் குறிவைத்தாலும், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு நாலைந்து மாதம் முன்பே காகித வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

2. உங்கள் தகுதிக்கு அங்கே மதிப்பு உண்டா?

பாடத்தில் பட்டம், அதோடு பி.எட். இரண்டும் வேண்டும். டெட், அதாவது நம் ஊர் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் செய்தது அங்கே கணக்கில் வராது. எம்.எஸ்சி., எம்.ஃபில். இருந்தும் பி.எட். இல்லை என்றால் பல பள்ளிகள் பயோடேட்டாவைத் திறந்துகூடப் பார்க்காது.

பட்டம் வாங்கிய பாடமும் எடுக்கப்போகும் பாடமும் பொருந்த வேண்டும். நம் ஊர்த் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சரையே பிசிக்ஸுக்கும் அனுப்புவார்கள். அங்கே ஆசிரியர் நியமனத்துக்கு அனுமதி வாங்கும்போது பட்டத்தில் என்ன பாடம் என்று பார்ப்பார்கள். பி.இ. முடித்துவிட்டுப் பி.எட். செய்தவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பள்ளியிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. டெமோ, இன்டர்வியூ எல்லாம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அஞ்சல் வழியில் படித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பட்டத்தைச் சரிபார்க்கும்போது நேரில் படித்தீர்களா, தொலைதூரக் கல்வியா என்ற கேள்வி வரும். ரெகுலர் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேஜி, பிரைமரி, ஆங்கிலம் போன்ற இடங்களுக்கு அங்கேயே ஆள் நிறைய உண்டு. கணவர் விசாவில் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும், பி.எட். முடித்த பெண்கள். பள்ளிக்கு அவர்களால் விசா செலவும் இல்லை, வீடு தேடித் தரும் தலைவலியும் இல்லை. இந்தியாவிலிருந்து வரவழைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு இருப்பது பெரிய வகுப்புக் கணக்கு, பிசிக்ஸ், கம்ப்யூட்டர், சிறப்புக் கல்வி போன்றவற்றுக்கு. தமிழ் டீச்சர் வேலை கேட்டு வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது, மிக மிகக் குறைவு என்பதுதான்.

3. பெயர்

நம் ஆட்களுக்கென்றே வந்த சோதனை இது. சான்றிதழில் "மாலதி எஸ்", பாஸ்போர்ட்டில் "மாலதி சுப்பிரமணியன்", பி.எட். சான்றிதழில் "எஸ். மாலதி", அனுபவச் சான்றிதழில் "மாலதி கண்ணன்", ஏனென்றால் நடுவில் கல்யாணம் ஆகிவிட்டது. நமக்கு நாலும் ஒரே ஆள். அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு நாலு பேர்.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழில் திருத்தம் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். பாஸ்போர்ட்டை மாற்றி வாங்குவது அதைவிட எளிது. எனவே பாஸ்போர்ட்டைச் சான்றிதழுக்கு ஏற்ப, இனிஷியலை விரித்து, மாற்றிக்கொள்ளுங்கள். மீதி வித்தியாசத்துக்கு இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் கெடுபிடி வந்துவிட்டது. இதெல்லாம் ஏன் அட்டெஸ்டேஷனுக்கு (சான்றிதழ் உண்மையானது என்று அரசுத் துறைகளில் வரிசையாக முத்திரை வாங்குவது) முன்னால் என்றால், முத்திரை எல்லாம் குத்தி முடித்த பிறகு பெயர் மாறினால் செலவழித்த காசு இரண்டாம் முறையும் போகும்.

4. அட்டெஸ்டேஷன்: அதிக நாள் இழுப்பது இதுதான்

முத்திரை விழுவது அசல் சான்றிதழின் பின்பக்கம். இங்கேதான் லேமினேஷன் பிரச்சினை. பத்திரமாக இருக்கட்டும் என்று நம் அப்பாக்கள் பட்டத்தை வாங்கிய அன்றே கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடுவார்கள். தென்காசியிலிருந்து ஒரு தங்கை வீடியோ காலில் காட்டினாள், டிகிரி, பி.எட். இரண்டும் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள். "அயர்ன் பாக்ஸ் வெச்சா பிரிஞ்சிரும்னு யூடியூப்ல போட்டிருக்காங்கக்கா" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு மூலையை முயற்சி செய்து, பல்கலைக்கழக முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கடைசியில் டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வருவதற்குள் அந்த வருட ஏப்ரல் போய்விட்டது. லேமினேஷனைப் பிரித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். பிரியவே பிரியாது என்றால் டூப்ளிகேட்டுக்கு இன்றே எழுதிப் போடுங்கள்.

புரொவிஷனல் சான்றிதழ் போதாது, பட்டமளிப்புச் சான்றிதழே வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

அடுத்தது இந்த வரிசை: பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, அதாவது ஜெனியூன்னஸ் சர்டிபிகேட் (பி.எட்.டுக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்), மாநில உயர்கல்வித் துறை, மத்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகம் போன பிறகு அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய முத்திரையைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, அதனால் நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. மாநில உயர்கல்வித் துறைக்குப் பதிலாக டெல்லியில் வேறு வழியாகச் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வார்கள். மலிவாகவும் இருக்கும். அந்த வழியை உங்கள் பள்ளி ஏற்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அப்போஸ்டில் என்ற வார்த்தையை யாராவது சொன்னால் உஷாராகுங்கள். தூதரகம் போகாமல் ஒரே முத்திரையில் சான்றிதழை ஏற்றுக்கொள்ள நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முத்திரை அது. ஐரோப்பா போகிறவர்களுக்கு அது சரி. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அங்கே அப்போஸ்டில் முத்திரை செல்லாது, தூதரக முத்திரைதான். இதைத் தெரியாமல் ஏஜென்சியில் பணம் கட்டி ஏமாந்த இருவரை எனக்கே தெரியும்.

இவ்வளவு செலவை வேலை உறுதியாகும் முன்பே ஏன் செய்ய வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த முத்திரைகள் காலாவதி ஆவதில்லை, இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் உதவும். பிப்ரவரியில் ஆஃபர் கையில் வாங்கி, அதற்கு அப்புறம் அட்டெஸ்டேஷன் தொடங்கினால் ஏப்ரல் முதல் வாரம் வகுப்பில் நிற்க முடியாது. பள்ளி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும். கையில் காசு இறுக்கமாக இருந்தால் முதல் இரண்டு படியை, பல்கலைக்கழகமும் மாநிலத் துறையும், முடித்து வையுங்கள். நாள் இழுப்பது அங்கேதான்.

5. அனுபவச் சான்றிதழ்

பள்ளி லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த வகுப்புகள், பாடம், பாடத்திட்டம், முதல்வர் கையெழுத்து, முத்திரை. "நல்ல நடத்தை உள்ளவர்" என்று நாலு வரி எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளி ஒன்றில் என் அசல் சான்றிதழ்களையே வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க ஆறு வாரம் நடந்தேன். உங்களுக்கும் அப்படி இருந்தால், வெளிநாடு போகும் பேச்சை எடுக்காமல், பேங்க் லோனுக்கு என்றோ வேறு எதற்கென்றோ சொல்லி முதலில் அசலைக் கைப்பற்றுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் சான்றிதழைப் பூட்டி வைப்பதும் தர்மம் இல்லை.

6. பள்ளியை எடைபோட்டுவிட்டு விண்ணப்பிப்பது

ஒரே பயோடேட்டாவை நூறு பள்ளிக்கு அனுப்புவதில் பயனில்லை. கேஎச்டிஏ இணையதளத்தில் துபாய் தனியார் பள்ளிகளின் பட்டியலும், ஆய்வு அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கும். அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக், வெரி வீக் என்று தரம் போட்டிருப்பார்கள். பெற்றோர்கள் அந்தத் தரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் பக்கங்களில் உள்ள பள்ளி விவரக் கட்டத்தைப் பாருங்கள். எத்தனை ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், வருடத்தில் எத்தனை சதவீதம் ஆசிரியர்கள் விலகிப்போனார்கள் என்று அதில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு பேர் ஒரே வருடத்தில் ஓடிப்போன பள்ளி என்றால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் பள்ளியின் சொந்த இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கம் வழியாக. பயோடேட்டா இரண்டு பக்கம் போதும். மேலேயே பாடம், எந்த வகுப்பு வரை, சிபிஎஸ்இ அனுபவம் எத்தனை வருடம், அட்டெஸ்டேஷன் எந்த நிலையில், எப்போது சேர முடியும் என்று எழுதுங்கள். ஹெச்ஆர் முதலில் தேடுவது இந்த ஐந்தைத்தான். அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு எல்லாம் வேண்டாம்.

விசிட் விசாவில் போய் நேரில் தேடலாமா? தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடும், இரண்டு மாதம் தாங்கும் பணமும் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். ஆனால் விசிட் விசாவில் இருக்கும்போது "நாளைக்கே வகுப்புக்கு வாங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் போகாதீர்கள். வேலை பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். தெரிந்தே அதைச் செய்யும் பள்ளி உங்களை எப்படி நடத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

7. ஏஜென்ட்

ஏஜென்ட் இல்லாமலே முடியும். போயே ஆக வேண்டும் என்றால் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்து வைக்கலாம். இன்டர்வியூ, டெமோ எதுவும் இல்லாமல் ஜிமெயிலில் வரும் ஆஃபர் லெட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

8. டெமோ வகுப்பு

பத்து, பதினைந்து நிமிடம், பெரும்பாலும் ஆன்லைனில். நம் ஆட்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ஏனென்றால் இருக்கிற பதினைந்து நிமிடமும் தாங்களே பேசுவார்கள். போர்டு நிறைய எழுதி, தப்பே இல்லாமல் விளக்கி, கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டு முடிப்பார்கள். ஊரில் அது நல்ல வகுப்பு. அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை.

முதல் நிமிடத்தில் இன்றைய நோக்கம் என்ன என்று ஒரு வரியில் சொல்லுங்கள். உடனே ஒரு சின்னக் கேள்வியோ படமோ கொடுத்து அவர்களை யோசிக்கவிடுங்கள். பின்னம் நடத்துகிறீர்கள் என்றால் ஒரே கணக்கை மூன்று நிலையில் தயாராக வைத்திருங்கள்: தடுமாறும் பிள்ளைக்குப் படத்தோடு, நடுத்தரப் பிள்ளைக்கு நேரடியாக, வேகமான பிள்ளைக்கு ஒரு திருப்பத்தோடு. இதைத்தான் அவர்கள் டிஃபரன்ஷியேஷன் என்பார்கள், இன்டர்வியூவில் இந்த வார்த்தை வராமல் இருக்காது. கடைசி இரண்டு நிமிடம், புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி.

பாடத்தை அமீரக வாழ்க்கையோடு ஓரிடத்தில் இணைத்துவிடுங்கள், மெட்ரோ கட்டணத்தில் சதவீதம் மாதிரி. அங்கே லெசன் பிளானிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை அங்கே "ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் டிடர்மினேஷன்" என்றுதான் சொல்வார்கள். ஊரில் சொல்லும் வார்த்தைகளை இன்டர்வியூவில் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். ஒருவர் "ஸ்லோ லேர்னர்ஸ்" என்று மூன்று முறை சொல்லி வேலையைக் கோட்டை விட்டதாக அவரே என்னிடம் சொன்னார்.

9. ஆஃபர் லெட்டரைப் படிப்பது

மொத்தச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடை, அடிப்படையின் மேல்தான். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 4,000 திர்ஹம் என்று இரண்டு ஆஃபர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அடிப்படை 2,000, இன்னொன்றில் 3,200. முதலாவதில் வருடத்துக்கு 1,400 திர்ஹம் கிராஜுவிட்டி, இரண்டாவதில் 2,240. மாதா மாதம் கையில் வருவது ஒன்றுதான், ஊர் திரும்பும்போது வித்தியாசம் தெரியும்.

குடும்பத்தை அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கு. குடும்பத்துக்கு விசா எடுக்கக் குறைந்தது 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். 3,800 என்று ஆஃபர் வந்தால், தங்குமிடமும் தராவிட்டால், கூச்சப்படாமல் 4,000 கேளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் உண்டா, ஊர் டிக்கெட் வருடா வருடமா இரண்டு வருடத்துக்கு ஒரு முறையா, வாரத்துக்கு எத்தனை பீரியட், பிள்ளை படித்தால் கட்டணச் சலுகை எவ்வளவு, இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். விசா செலவை, ஆள் எடுக்கும் செலவை உங்களிடம் வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் இல்லை.

சோதனைக்காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் பிடிக்காமல் ஊருக்குத் திரும்புவதென்றால் 14 நாள் முன்பாகச் சொல்ல வேண்டும், அங்கேயே வேறு இடத்துக்கு மாறுவதென்றால் ஒரு மாதம் முன்பாக.

10. ராஜினாமா, பிசிசி, மருத்துவம்

ஆஃபர் வந்த சந்தோஷத்தில் ராஜினாமாவை நீட்டிவிட வேண்டாம். வேலைக்கான என்ட்ரி பெர்மிட் கையில் வந்த பிறகுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் பொதுத்தேர்வு நடக்கும் நேரத்தில்தான் அங்கே வரச் சொல்வார்கள், இங்கே விடமாட்டார்கள். அதனால் எப்போது விடுவிப்பார்கள் என்பதை இன்டர்வியூவிலேயே உண்மையாகச் சொல்லி, சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸை, அதாவது பிசிசியை, பாஸ்போர்ட் சேவா வழியாக இந்தக் கட்டத்தில் எடுங்கள், முன்னால் வேண்டாம். அதற்கு ஆயுள் சில மாதம்தான். ஆகஸ்டிலேயே ஆர்வத்தில் எடுத்துவைத்தவர்கள் மார்ச்சில் மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.

அங்கே இறங்கியதும் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எச்ஐவி, காசநோய் பார்ப்பதற்கு. ராஜினாமா கொடுக்கும் முன் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எப்போதோ வந்து ஆறிய தழும்பு இருந்தால் அங்கே போய்த் தெரிவதைவிட இங்கே தெரிவது மேல்.

11. முதல் இரண்டு மாதம்

எமிரேட்ஸ் ஐடி, அதாவது அந்த நாட்டு அடையாள அட்டை, வந்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் சம்பளம் விழுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். பள்ளி தங்குமிடம் தராவிட்டால் கையில் குறைந்தது 2,500 திர்ஹமாவது இருக்கட்டும். கராமாவிலோ அல் நஹ்தாவிலோ பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) எடுக்கும் முன் ஒன்று பாருங்கள், பள்ளி பஸ் எத்தனை மணிக்கு, எங்கே ஏற்றுகிறது என்று. ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று போனவர்கள் காலை ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸோடு தெருவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு வருடம் நின்றேன்.

அசல் சான்றிதழ்களைப் பெட்டியில் செக்கின் செய்யாதீர்கள், கைப்பையில் வையுங்கள். ஊறுகாய் பாட்டிலும் அதே பையில் வேண்டாம்.